ஹெடர்ல பேரு இருந்தா நம்பிடலாமா?

இந்த எபிசோட்ல ஒரே கேள்விதான். லாகினை ரிவர்ஸ் ப்ராக்ஸியே முடிச்சிடுதுன்னா, பின்னாடி இருக்கிற ஆப்புக்கு வந்திருக்கிறது யாருன்னு எப்படித் தெரியும்?

காஞ்சிபுரம் காந்தி ரோட்டுல ஒரு பட்டுக்கடைன்னு வெச்சுக்குவோம். ஸ்டாக், நெசவாளர் கூலிக் கணக்கு எல்லாம் ஒரு சின்ன ஆப்ல இருக்கு. அதுக்கு முன்னாடி என்ஜின்எக்ஸ். அது பாஸ்வேர்டைச் சரிபார்த்து, 'எக்ஸ்-ரிமோட்-யூசர்'ங்கற ஹெடர்ல பேரை எழுதி உள்ளே அனுப்புது. ஆப் மறுபடி பாஸ்வேர்ட் கேக்காது. ஹெடர்ல இருக்கிற பேரை அப்படியே நம்பும்.

சிக்கல் அங்கதான். ஹெடர்ங்கறது வெறும் எழுத்து. வெளியிலேர்ந்து யார் வேணும்னாலும் அதுல 'முதலாளி'ன்னு எழுதி அனுப்பலாம். நாம எதுவும் சொல்லலைன்னா, என்ஜின்எக்ஸ் அதை அப்படியே உள்ளே கடத்திடும். கூலிக் கணக்கு மொத்தமும் திறந்துடும்.

சேலையில தொங்குற சில்க் மார்க் லேபிளும் இப்படித்தான். மத்திய பட்டு வாரியத்தோட முயற்சியில 2004-ல வந்தது. கடையில நூலை உருவி எரிச்சுப் பார்க்க முடியாது, அதனால லேபிளை நம்புறோம். வெறும் அட்டைன்னா யாரும் அச்சடிச்சுக் கட்டிடலாம். அதனாலதான் அதுல ஹோலோகிராம் இருக்கு.

கற்பனை பயம் இல்லை இது. 2025 மார்ச்ல நெக்ஸ்ட் ஜேஎஸ்ல இதே மாதிரி ஓட்டை வெளியாச்சு. உள்வேலைக்காக வெச்சிருந்த ஒரு ஹெடரை வெளியாள் அனுப்பினா, மிடில்வேர்ல இருந்த லாகின் சோதனையே நடக்காம ரிக்வெஸ்ட் உள்ளே போயிடும்.

என்ன செய்யலாம்? மூணு விஷயம்.

முதல்ல, ப்ராக்ஸியிலேயே அந்த ஹெடரை எப்பவும் மேலெழுதுங்க. லாகின் தேவையில்லாத பாதைகள்ல காலியா வைங்க. காலியா வெச்சா என்ஜின்எக்ஸ் அந்த ஹெடரை அனுப்பாது. ஒரு எச்சரிக்கை: ஒரு லொகேஷன் ப்ளாக்குக்குள்ள 'ப்ராக்ஸி செட் ஹெடர்' வரி ஒண்ணே ஒண்ணு எழுதினாலும், வெளியே சர்வர் ப்ளாக்ல எழுதின அந்த வரிகள் எதுவும் அங்க செல்லாது. எல்லாத்தையும் மறுபடி எழுதணும்.

ரெண்டாவது, பக்கவாசலை மூடுங்க. ரெண்டும் ஒரே மெஷின்ல ஓடினா, ஆப் 127.0.0.1-ல மட்டும் கேக்கட்டும். டாக்கர்ல வெறுமனே போர்ட்டைத் திறந்து விட்டா, ப்ராக்ஸியைத் தொடாமலே வெளியாள் நேரா ஆப்புக்கு வந்துடலாம்.

மூணாவது, முக்கியமான டேட்டான்னா, வெறும் பேருக்குப் பதிலா கையெழுத்திட்ட ஜேடபிள்யூடி டோக்கன் அனுப்புங்க. கையெழுத்தை ஆப்பே சரிபார்க்கட்டும். ஹோலோகிராம் செய்யற வேலைதான் இது.

இன்னிக்கே உங்க சொந்த சர்வர்ல சோதிச்சுப் பாருங்க. லாகின் பண்ணாம, கர்ல்ல பொய்ப் பேரோட அந்த ஹெடரை அனுப்புங்க. ஒரு தடவை ப்ராக்ஸி வழியா, ஒரு தடவை வெளியிலேர்ந்து நேரா ஆப் போர்ட்டுக்கு. எதுல உள்ளே போக முடிஞ்சாலும், முதல்ல அதைச் சரிபண்ணிட்டு அடுத்த எபிசோடுக்கு வாங்க.