கீழாநெல்லியில் தொடங்கலாம்

பிள்ளைகளுக்கு வீட்டிலேயே பாடம் சொல்லித்தரும் பெற்றோர் பலருக்கு, உயிரியலுக்கு ஆய்வுக்கூடம் இல்லையே என்ற கவலை உண்டு. நாலு மழை பெய்யட்டும். கிணற்றடி, வேலியோரம், காலிமனை என்று எங்கும் பாடம் முளைத்துக் கிடக்கும். பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ் ஒன்று இருந்தால் போதும்.

முதல் செடியாக நான் கீழாநெல்லியைத்தான் சொல்வேன். பிடுங்க வேண்டாம், ஒரு கிளையை மெல்லத் திருப்பினால் அடியில் கடுகளவு பச்சைக் காய்கள் வரிசையாகத் தொங்கும். பக்கத்தில் ஒரு புளிய இலையை வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டிலும் நடுவே ஒரு காம்பு, இருபுறமும் பொடிப்பொடி இலைகள். ஆனால் புளியில் அந்தப் பொடி இலை காம்போடு சேரும் இடத்தில் மொட்டோ பூவோ ஒருநாளும் வராது. அவ்வளவும் சேர்ந்தே ஓர் இலை, கூட்டிலை என்பார்கள். கீழாநெல்லியிலோ இலை சேரும் இடத்தில்தான் பூவும் காயும் பிடிக்கின்றன. ஆகவே அது இலை அல்ல, கிளை. எது இலை, எது சிற்றிலை என்று தாவரவியலார் முடிவு செய்வதும் இப்படி மொட்டு இருக்கும் இடத்தை வைத்துத்தான். இந்த ஒரு பார்வை பழகிவிட்டால் மற்ற செடிகள் எளிதாகிவிடும்.

அடுத்து தும்பை. தண்டை விரலிடுக்கில் உருட்டினால் சதுரமாக நெருடும். இலைகள் எதிரெதிரே இருக்கும், பூவுக்கு உதடு உண்டு. துளசியின் இளந்தண்டையும் உருட்டிப் பார்த்தால், இரண்டும் ஒரே குடும்பம் என்பதைப் பிள்ளையே சொல்லிவிடும். வெட்டுக்காயப் பூண்டின் பூவைப் பிரித்தால், நடுவிலுள்ள மஞ்சள் குழல் ஒவ்வொன்றும் தனித்தனிப் பூ என்பது லென்ஸில் தெரியும்.

செல்போன் செயலி பெயரைச் சொல்லிவிடும், சில நேரம் தவறாகவும். அதை நம்பி எதையும் வாயில் வைக்கக் கூடாது. பார்த்தீனியத்தைத் தொட்டால் சிலருக்குத் தோல் தடித்துவிடும். எருக்கம்பால் கண்ணில் படக் கூடாது.

பார்த்த செடியைச் செய்தித்தாள்களுக்கு இடையே வைத்து, மேலே கனம் ஏற்றி, தினமும் தாளை மாற்றி உலர்த்தலாம். திருச்சி தூய வளனார் கல்லூரியில் அருட்தந்தை கே. எம். மேத்யூ 1967இல் தொடங்கிய ராபினட் தாவரக் காப்பகத்தில் இருப்பவையும் இப்படி உலர்த்திய செடிகளே. காய்ந்தால் பூவின் நிறம் போய்விடும். அதனால் எடுத்த இடம், தேதி, மண், பூவின் நிறம் நான்கையும் செடி வாடுவதற்குள் எழுதிவிட வேண்டும். பெயரைப் பிறகு தேடிக்கொள்ளலாம்.