கடற்கரை வீடும் நகரும் மணலும்

அலையோசையைக் கேட்டபடி ஒரு வாரம் ஓய்வாக இருக்க விரும்பாதவர் யார்? அமெரிக்காவின் கிழக்குக் கரையிலுள்ள வட கரோலினா மாநிலத்தில் இதற்கென்றே கட்டப்பட்ட பெரிய மரவீடுகள் வரிசை வரிசையாக நிற்கின்றன. ஒவ்வொன்றிலும் இரண்டு மூன்று குடும்பங்கள் தாராளமாகத் தங்கலாம். மணலில் ஆழமாக இறக்கப்பட்ட உயரமான மரத்தூண்களே இவ்வீடுகளைத் தாங்குகின்றன. புயற்காலத்தில் பொங்கும் கடல்நீர் வீட்டிற்குள் புகாமல் தூண்களுக்கிடையே ஓடிவிட வேண்டும் என்பதற்காக இந்த ஏற்பாடு. மேலே அகன்ற தாழ்வாரம். அதில் நாற்காலியைப் போட்டு அமர்ந்தால் எதிரே அட்லாண்டிக் பெருங்கடல். கோடை விடுமுறையில் இவ்வீடுகளை வார வாடகைக்கு எடுத்து மக்கள் தங்குகின்றனர்.

இத்தகைய வீடுகளில் இரண்டு, 2022ஆம் ஆண்டு மே 10ஆம் நாள், ரோடான்தி என்னும் ஊரில் கடலில் சரிந்து விழுந்தன. ஒரு வீடு தூண்களிலிருந்து சாய்ந்து அலைகளின்மேல் மிதந்த காட்சியை உலகெங்கும் மக்கள் படமாகக் கண்டனர். நல்லவேளையாக இரண்டிலும் எவரும் தங்கியிருக்கவில்லை. அன்று சூறாவளி எதுவும் அங்கே கரையைக் கடக்கவில்லை. தொலைவில் கடலில் நின்ற ஒரு காற்றழுத்தத் தாழ்வு அனுப்பிய அலைகளே போதுமானவையாக இருந்தன. 2020 முதல் அப்பகுதியில் பத்துக்கும் மேற்பட்ட வீடுகள் இவ்வாறு வீழ்ந்துள்ளன. காரணத்தை அறிய வீட்டைவிட, அதன் கீழுள்ள மணலையே நாம் முதலில் பார்க்க வேண்டும்.

மணலின் வரவு செலவு

ரோடான்தி இருப்பது 'அவுட்டர் பாங்க்ஸ்' என்னும் தீவுத் தொடரில். ஏறத்தாழ 300 கிலோமீட்டர் நீளமுள்ள இத்தொடர், சில இடங்களில் சில நூறு மீட்டர் அகலமே உடையது. கிழக்கே பெருங்கடல், மேற்கே பாம்லிகோ என்னும் பெரிய காயல், அதற்கும் அப்பால்தான் பெருநிலம். கடலின் சீற்றத்தைத் தாங்கிப் பெருநிலத்தைக் காப்பதால் இவற்றை 'அரண் தீவுகள்' எனலாம். பெயர்தான் அரண், பாறையால் ஆனதன்று, வெறும் மணல்.

கடற்கரை மணல் ஒரே இடத்தில் கிடப்பதில்லை. குளிர்காலப் புயல்களின்போது எழும் உயரமான அலைகள் கரை மணலை அரித்து, சற்றுத் தொலைவில் கடலுக்குள் ஒரு திட்டாகக் குவிக்கின்றன. அடுத்து வரும் பெரிய அலைகள் அத்திட்டின்மேல் உடைந்து வலுவிழக்கின்றன. அதாவது, இழந்த மணலே கரைக்குக் காவலாகிறது. கோடையில் வரும் மெல்லிய அலைகள் அதே மணலைச் சிறிது சிறிதாகக் கரைக்குத் திருப்பிக் கொணர்கின்றன. கோடையில் விருந்தினர் காணும் அகன்ற கரை குளிர்காலத்தில் குறுகிவிடுவது இதனால்தான்.

மணலுக்கு வேறொரு பயணமும் உண்டு. அலைகள் கரையைச் சற்றுச் சாய்வாக வந்து தாக்குவதால் மணல் கரையோரமாக நகர்ந்துகொண்டே இருக்கிறது. ஓரிடத்தில் வரவைவிடச் செலவு மிகுந்தால் அங்கே கரை பின்வாங்கும். ரோடான்தியின் நிலை அதுதான். அங்கே சில பகுதிகளில் கரை ஆண்டுக்கு 3 முதல் 4 மீட்டர் வரை பின்வாங்குகிறது.

தீவே நகர்கிறது

பெரும்புயலில் அலைகள் தீவைக் கடந்து பாயும்போது, கடற்புறத்து மணலை வாரிச் சென்று காயற்புறத்தில் இறைக்கின்றன. முன்புறம் தேய, பின்புறம் வளர்கிறது. பல நூற்றாண்டுகளாக இத்தீவுகள் இவ்வாறுதான் பெருநிலத்தை நோக்கி மெல்ல நகர்ந்து வந்துள்ளன. மனிதர் கண்ணுக்கு அழிவாகத் தெரிவது, தீவு தன்னைக் காத்துக்கொள்ளும் வழியாகும்.

1930களில் இங்கே கடலோரம் நெடுகிலும் மணல்மேடுகளை எழுப்பிப் புல் நட்டனர். மேடுகளின் பின்னே சாலையும் வீடுகளும் வந்தன. அலைகள் தீவைக் கடப்பது குறைந்தது. ஆகவே காயற்புறத்திற்கு மணல் போய்ச் சேர்வதும் குறைந்தது. கடற்புறத் தேய்மானம் மட்டும் நிற்கவில்லை.

இதற்கிடையே கடல்மட்டமும் உயர்கிறது. புவி வெப்பமடைவதால் கடல்நீர் விரிகிறது, பனிப்பாறைகளும் உருகுகின்றன. 1900க்குப் பிறகு உலகக் கடல்மட்டம் சராசரியாக 20 சென்டிமீட்டருக்குச் சற்று மேல் உயர்ந்துள்ளது. 'ஒரு சாண்தானே!' என்று எண்ண வேண்டாம். 50 மீட்டர் தொலைவுக்கு 1 மீட்டர் மட்டுமே உயரும் சரிவான கரையை எடுத்துக்கொள்வோம். அங்கே நீர்மட்டம் 20 சென்டிமீட்டர் உயர்ந்தால், நீரின் விளிம்பு 10 மீட்டர் உள்ளே வந்துவிடும். அலை அரிப்பு இதற்கு மேல் தனிக்கணக்கு.

வீடு ஏன் விழுகிறது?

மரத்தூணை நிமிர்ந்து நிற்கச் செய்வது அதைச் சுற்றியுள்ள மணலின் பிடிப்பு. மணல் மட்டம் தாழத் தாழப் பிடிப்புள்ள நீளம் குறைகிறது. வெளியே தெரியும் நீளம் கூடுகிறது. நீண்ட கடப்பாறையின் நுனியைப் பிடித்துத் தள்ளினால் கல் எளிதில் பெயர்வதைப் பார்த்திருப்பீர்கள். அலை தூணை மோதும்போது நிகழ்வதும் அதுவே. ஒரு தூண் சாய்ந்தால் அதன் சுமை மற்றவற்றின்மேல் விழுகிறது. பிறகு அவையும் சாய்கின்றன.

வீடு விழுமுன்பே தொல்லை தொடங்கிவிடும். மணலில் புதைந்திருந்த கழிவுநீர்த் தொட்டி வெளிப்பட்டு உடைகிறது. அதன்பின் அவ்வீட்டில் எவரும் தங்கக் கூடாது. வீழ்ந்தபின் ஆணி தைத்த பலகைகளும் கம்பிகளும் பல கிலோமீட்டர் தூரம் கரையெங்கும் சிதறுகின்றன. ஒருவருடைய சேமிப்பு கடலில் போவதோடு, அனைவருக்கும் பொதுவான கரையும் பாழாகிறது.

சுவர் எழுப்பலாமா?

கடலோரம் உறுதியான சுவர் கட்டினால் என்ன? சுவர் தன் பின்னாலுள்ள வீட்டைச் சிறிது காலம் காக்கும். ஆனால் சுவரில் மோதித் திரும்பும் அலை அதன் அடிமணலைத் தோண்டிவிடுகிறது. நாளடைவில் முன்னாலுள்ள மணற்பரப்பு மறைகிறது. கடலுக்குள் நீட்டிக் கட்டும் சுவரோ கரையோரம் நகரும் மணலைத் தடுத்துப் பக்கத்து ஊரின் பங்கைப் பறிக்கிறது. நம் கிழக்குக் கரையில் இதற்குச் சான்று புதுச்சேரி. 1980களின் பிற்பகுதியில் அங்கே கட்டிய துறைமுகச் சுவர்கள் வடக்கு நோக்கி நகரும் மணலைத் தெற்கே தேக்கின. நகரின் முன்னிருந்த மணற்கரை மறைந்து, கருங்கற்களைக் கொட்ட வேண்டியதாயிற்று. வட கரோலினாவில் கடல் நோக்கிய கரைகளில் நிரந்தரத் தடுப்புச் சுவர்களுக்கு 1985லேயே தடை விதித்தனர். வேறிடத்து மணலைக் கொணர்ந்து கரையில் கொட்டுவதும் உண்டு. ஆனால் அதைச் சில ஆண்டுகளுக்கொருமுறை திரும்பச் செய்தாக வேண்டும்.

விலகி நிற்பதே வழி

அதே தீவில் 1870இல் கட்டப்பட்ட ஹாட்டரஸ் முனைக் கலங்கரை விளக்கம் அப்போது கடலிலிருந்து சுமார் 450 மீட்டர் தொலைவில் இருந்தது. கடல் நெருங்கி, இடைவெளி சில பத்து மீட்டர்களே என்றானது. 1999இல் பொறியாளர்கள் ஏறத்தாழ 4,800 டன் எடையுள்ள அச்செங்கல் கோபுரத்தை அடியோடு தூக்கி, தண்டவாளங்களின்மேல் 23 நாட்களில் சுமார் 880 மீட்டர் நகர்த்தினர். 2023இல் அமெரிக்கத் தேசியப் பூங்காத் துறை ரோடான்தியில் ஆபத்திலிருந்த இரண்டு வீடுகளை விலைக்கு வாங்கி, அவை விழுமுன் தானே அகற்றியது. இரண்டு செயல்களிலும் கடலோடு போரிடவில்லை. கடலுக்கு இடம் விட்டார்கள்.

கடலோரத்தில் தங்கப் போகிறவர்கள் ஒன்றைக் கவனிக்கலாம். வீட்டுக்கும் அலைக்கும் இடையே புல் வேரூன்றிய மணல்மேடும் அகன்ற மணற்பரப்பும் இருக்கின்றனவா? இருந்தால், கடல் சற்றுத் தள்ளியிருக்கிறதே என்று வருந்த வேண்டாம். அந்தச் சில நிமிட நடைதான் வீட்டுக்குக் காவல். தாழ்வாரத்தின் கீழேயே அலையடிக்கும் வீட்டில் காட்சி அழகாக இருக்கலாம். ஆனால் அங்கே அலையோசை தாலாட்டன்று, எச்சரிக்கை.