எதிரி நாம் நினைத்தபடி நடப்பானா?

போர்க்களத்தில் சரியாக முடிவெடுக்கக் கற்றுக்கொடுக்க முடியுமா, நேயர்களே?

நம் பினாங்கையே பாருங்கள். 1914 அக்டோபர் 28 அதிகாலை நான்கு புகைபோக்கிகளுடன் ஒரு கப்பல் துறைமுகத்துக்குள் வந்தது. பிரிட்டிஷ் கப்பல் என்று எண்ணிவிட்டார்கள். வந்ததோ, முந்திய மாதம் சென்னையைத் தாக்கிய ஜெர்மானிய 'எம்டன்'! நான்காவது புகைபோக்கி போலி. ரஷ்யாவின் 'ஜெம்சுக்' கப்பல் மூழ்கியது. 80க்கும் மேற்பட்ட மாலுமிகள் மாண்டனர். அதன் தலைவர் அன்றிரவு கரையில் இருந்தார்.

எதிர்பார்த்ததையே கண்கள் கண்டன. இந்தப் பழக்கத்தை உடைக்கத்தான் சிமுலேஷன் எனும் பாவனைப் போர்ப் பயிற்சி.

1824இல் பிரஷ்ய அதிகாரி ரைஸ்விட்ஸ் வரைபடத்தில் காய் நகர்த்திக் காட்டினார். இன்று அது கணினியில் நடக்கிறது. எதிரிக்கும் ஊர்மக்களுக்கும் உரிய அச்சம், களைப்பு, சூழ்ச்சி எல்லாவற்றையும் விதிகளாக எழுதி வைக்கிறார்கள். அரைகுறைத் தகவலோடு அதிகாரி முடிவெடுக்க வேண்டும். பிறகு, "ஏன் அப்படி நினைத்தீர்கள்?" என்று அலசுகிறார்கள்.

ஆனால், விதியை எழுதியவருக்குத் தோன்றாத தந்திரம் கணினிக்கும் தோன்றாது. ஆகவேதான் எதிரி வேடத்தில் கெட்டிக்கார மனிதர் ஒருவரையும் உட்கார வைக்கிறார்கள். போலிப் புகைபோக்கியை நினைத்துப் பார்க்க இன்னும் ஒரு மனிதமூளை தேவைப்படுகிறது!