எந்த வேலைக்கு எந்தப் புழு?

மண்புழுவின் நிறத்தைப் பார்த்தே அது எங்கே குடியிருக்கிறது, எதைத் தின்கிறது என்று பெருமளவு சொல்லிவிடலாம். ஐப்பசியில் நல்ல மழை பெய்த பிறகு திண்டுக்கல் பக்கத்துச் செம்மண் தோட்டம் ஒன்றில் மண்வெட்டி போட்டுப் பாருங்கள். எருக்குழி ஓரத்தில் கருஞ்சிவப்பாக நெளியும் ஒன்று. வாழைக்கட்டைக்குப் பக்கத்தில் ஒரு சாண் ஆழத்தில் வெளிறிக் கிடக்கும் இன்னொன்று. இரண்டையும் மண்புழு என்றே சொல்கிறோம். ஆனால் முதலாவதை வெறும் நிலத்தில் விட்டால் தங்காது. இரண்டாவதை உரத்தொட்டியில் போட்டால் தழைக்காது.

மண்புழுவுக்குக் கண் கிடையாது. ஒளியை உணரும் செல்கள் தோலில்தான் பரவியிருக்கின்றன. நுரையீரலும் இல்லை, ஈரமான தோல் வழியாகவே ஆக்சிஜன் ரத்தத்துக்குப் போகிறது. இவ்வளவு மெல்லிய தோலுக்கு வெயில் எமன். அதனால் மேலே வாழும் புழு அடர்ந்த நிறமியைப் போர்த்திக்கொள்கிறது. ஆழத்து இருட்டில் கிடக்கும் புழுவுக்கு அந்தச் செலவு தேவையில்லை. 1970களில் மார்செல் பூஷே என்ற பிரெஞ்சு ஆய்வாளர் புழுக்களை வாழிடம் பார்த்து மூன்றாகப் பிரித்தார். மட்கும் குப்பையிலேயே வாழ்பவை மேல்தளப் புழுக்கள். செங்குத்தாக வளை தோண்டி, மேலே வந்து இலைதழையை இழுத்துப் போகிறவை நடுத்தளப் புழுக்கள். மண்ணையே தின்று மண்ணுக்குள்ளேயே உலவுபவை அடித்தளப் புழுக்கள். புழுவைத் தேர்ந்தெடுப்பது என்றால் இந்த மூன்றில் எது வேண்டும் என்று முடிவு செய்வதுதான்.

உரத்தொட்டிக்கு வேண்டியது மேல்தளப் புழு. பறவை, பூரான், எறும்பு என்று அதற்கு எதிரிகள் அதிகம். ஆகவே வேகமாகப் பெருகிப் பிழைக்கும் வழியைப் பிடித்துக்கொண்டது. தமிழ்நாட்டு உரத்தொட்டிகளில் அதிகம் காண்பது யூட்ரிலஸ் யூஜெனியே என்ற ஆப்பிரிக்கப் புழு. வெளிச்சத்தில் பிடித்தால் தோல் ஊதாவாக மினுங்கும். இதன் முட்டைக்கூடு சுமார் 2 வாரத்தில் பொரிகிறது. குஞ்சுகள் 2 மாதத்துக்குள் முட்டையிடும் பருவத்துக்கு வந்துவிடுகின்றன. மேற்கு ஆப்பிரிக்காவின் வெப்பத்தில் பிறந்த புழு என்பதால், 25 டிகிரியை ஒட்டிய சூடு இதற்குச் சுகம், குளிர்தான் ஆகாது. உலகமெங்கும் புகழ்பெற்ற இன்னொரு உரப்புழுவான ஐசீனியா ஃபெடிடா இதற்கு நேர்மாறு. குளிர் தாங்கும், சூடு 35 டிகிரியைத் தாண்டினால் செத்துவிடும்.

இதில் திண்டுக்கல் மாவட்டத்துக்கு ஒரு விசேஷம் உண்டு. சித்திரை வெயிலில் காயும் சமவெளியும், கம்பளி போர்த்தும் கொடைக்கானலும் ஒரே மாவட்டத்தில் இருக்கின்றன. ஆகவே ஒட்டன்சத்திரம் காய்கறிக் கழிவை மட்கவைக்க யூட்ரிலஸ்; கொடைக்கானலில் கேரட் தழையை மட்கவைக்க ஐசீனியா. மாற்றிப் போட்டால் தொட்டி காலியாகிவிடும். சமவெளியிலும் கீற்றுக் கொட்டகையும் ஈரச் சாக்கும் கட்டாயம். பச்சைச் சாணியை அப்படியே கொட்டக் கூடாது. அது புளிக்கும்போது எழும் சூடும் அம்மோனியாவும் புழுவைக் கொன்றுவிடும். இரண்டு மூன்று வாரம் ஆறவிட்டுப் போடுங்கள்.

வெளிநாட்டுப் புழுதான் வேண்டும் என்று கட்டாயமில்லை. சென்னை புதுக்கல்லூரியில் பணியாற்றிய சுல்தான் அகமது இஸ்மாயில், பெரியோனிக்ஸ் எக்ஸ்கவேட்டஸ், லாம்பிட்டோ மொரீஷியை ஆகிய நம் மண்ணின் புழுக்களைச் சேர்த்தே உரம் தயாரிக்கலாம் என்று பல்லாண்டுகளாகச் செய்துகாட்டினார். சின்னாளபட்டிக்கு அருகே காந்திகிராம கிராமியப் பல்கலைக்கழகத்தின் உயிரியல் துறையினர், பெரியோனிக்ஸ் சிலானென்சிஸ் என்ற உறவுக்காரப் புழுவை வளர்த்து, அதன் வளர்ச்சியையும் இனப்பெருக்கத்தையும் ஆராய்ந்து, உரத்துக்கு ஏற்றது என்று காட்டினார்கள். பெரியோனிக்ஸ் வகையில் எச்சரிக்கை ஒன்று: மழை இரவில் தொட்டிச் சுவர் ஏறிக் கூட்டமாக ஓடிவிடும் குணம் அவற்றுக்கு உண்டு.

பல் இல்லாத இந்த உயிர் காய்ந்த சருகை எப்படிச் செரிக்கிறது? தசை தடித்த அரைவைப்பை ஒன்று அதன் குடல்பாதையில் இருக்கிறது. விழுங்கிய மணல்துகள்கள் அங்கே அரைக்கும் கல்லாகின்றன. உரத்தொட்டியில் ஒரு கை மண் தூவச் சொல்வது இதனால்தான். ஆனால் அரைத்தால் மட்டும் போதாது. சருகில் டானின் முதலிய பாலிஃபீனால்கள் நிறைந்திருக்கின்றன. இவை புரதத்தோடு ஒட்டிக்கொள்ளும் வேதிப்பொருள்கள். திண்டுக்கல் தோல் ஷாப்புகளில் ஆவாரம்பட்டையில் ஊறவைத்த தோல் அழுகாமல் பதமானது இந்த ஒட்டுதலால்தான். புழுவின் குடலுக்குள் அதே டானின் போனால், செரிமான நொதிகளும் புரதங்கள்தானே, அவையும் பதமாகி வேலை நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்துவதில்லை. டிரைலோடிஃபென்சின் என்ற சோப்புத்தன்மையுள்ள மூலக்கூறுகளைப் புழு தன் குடலில் சுரந்து அந்த ஒட்டுதலைத் தடுக்கிறது என்று 2015இல் கண்டுபிடித்தார்கள். இந்தச் சுரப்பு இல்லாவிட்டால் காடுகளில் உதிரும் சருகு மட்காமல் தேங்கிக் கிடக்கும்.

தோட்டத்துக்கு வேறு புழு. மேலே சொன்ன லாம்பிட்டோதான் தமிழகச் சமவெளியின் பழைய உழவன். இது போடும் வளை வழியே மழைநீர் இறங்குகிறது, வேருக்குக் காற்று போகிறது. கீழ்மண்ணை மேலே கொண்டுவந்து குருணைக் குவியலாகத் தள்ளுகிறது. 1881இல் சார்லஸ் டார்வின் மண்புழுக்களைப் பற்றி எழுதிய நூலில், இங்கிலாந்தின் பல பகுதிகளில் ஓர் ஏக்கரில் ஆண்டுக்கு 10 டன்னுக்கு மேல் மண் புழுக்களின் உடல் வழியே மேலே வருகிறது என்று கணக்கிட்டார். ஒரு டிப்பர் லாரி நிறைய மண்! கூலி இல்லை, டீசல் இல்லை. இதற்காகப் புழுவை விலைக்கு வாங்கி வயலில் விடுவது வீண் செலவு என்பேன். கடையில் கிடைப்பது உரப்புழு. குப்பை இல்லாத நிலத்தில் அது பட்டினியால் சாகும். மூடாக்கு போட்டு ஈரம் காத்தால் நம் புழு தானாகக் கூடிவரும். கோடையில் காணவில்லையே என்று கவலைப்படவும் வேண்டாம். ஈரத்தைத் தேடிக் கீழே இறங்கியிருக்கும், மழைக்கு மேலே வரும்.

எல்லாப் புழுவும் நிலத்துக்கு நல்லது என்ற நினைப்பும் தவறு. தென்னமெரிக்காவிலிருந்து பரவி மேற்குத்தொடர் மலைத் தோட்டங்களிலும் குடியேறிய அடித்தளப் புழு பான்டோஸ்கோலெக்ஸ். அமேசானில் காடழித்துப் புல்வெளியாக்கிய இடங்களில் இது மட்டும் பெருகி, பசை போன்ற கழிவைத் தள்ளித் தள்ளி மேல்மண்ணை நீர் இறங்காதபடி இறுக்கிவிட்டது. 1999இல் வெளியான ஆய்வு இதைச் சொல்கிறது.

தூண்டிலுக்கு வருவோம். கெளுத்தியின் மீசை வெறும் அலங்காரமல்ல. அதில் சுவை மொட்டுகள் இருக்கின்றன, உடல் தோலிலும் இருக்கின்றன. கலங்கிய கண்மாய்த் தண்ணீரிலும் அது புழுவை ருசித்தே கண்டுபிடிக்கும். அதற்குத் தடித்து நெளியும் லாம்பிட்டோ, யூட்ரிலஸ் இரண்டும் பொருந்தும். ஐசீனியா அவ்வளவு உகந்ததல்ல. முள்ளில் குத்தியதும் நாறும் மஞ்சள் திரவத்தைக் கக்கும்; அதிலுள்ள லைசெனின் என்ற புரதம் முதுகெலும்புள்ள பிராணிகளின் செல்களைத் துளைக்கக் கூடியது. இரைக்கு வைத்திருக்கும் யூட்ரிலஸை ஃபிரிட்ஜில் வைக்காதீர்கள், செத்துப்போகும்.

தூண்டில் போட்டு மிஞ்சிய புழுவை என்ன செய்வது? வட அமெரிக்காவின் பேரேரிப் பகுதிக் காடுகளில் கடைசிப் பனியுகத்துக்குப் பின் மண்புழுவே இல்லாமல் இருந்தது. மீன்பிடிக்க வந்தவர்கள் ஏரிக்கரையில் கொட்டிப்போன ஐரோப்பியப் புழுக்கள் அங்கே பெருகி, காட்டின் சருகு மெத்தையைத் தின்று தீர்த்தன. அந்தச் சருகை நம்பி முளைத்த செடிகள் குறைந்துபோயின. கொடைக்கானல் சோலைகளும் சிறுமலையும் நமக்கு அருகிலேயே இருக்கின்றன. வாங்கிய புழு மிஞ்சினால் காட்டோரத்திலோ ஓடைக்கரையிலோ கொட்டாதீர்கள். வீட்டுக்குக் கொண்டுவந்து உரத்தொட்டியில் போடுங்கள்.