ட்ரெக்கிங் கத்தி வாங்கப் போறீங்களா? முதல்ல ஸ்கேலை எடுங்க

ஆன்லைன்ல ஒரு கத்தி ஆர்டர் பண்ண ரெண்டு நிமிஷம் போதும். அதைப் பையில் போட்டுக்கொண்டு டெல்லி வழியாக மணாலிக்குக் கிளம்பும்போதுதான் சட்டம் குறுக்கே வருகிறது.

ஆயுதச் சட்டம் 1959-ன் கீழான 2016 விதிகளில் கத்திக்கு அளவே இருக்கிறது. பிளேடு 9 அங்குலத்துக்கு மேல் நீளமாகவோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமாகவோ இருந்தால் அது ஆயுதப் பட்டியலில் வரும். வீடு, விவசாயம், அறிவியல், தொழில் ஆகியவற்றுக்காகச் செய்யப்பட்டவைக்கு விலக்கு உண்டு. நம்ம வீட்டு அருவாமனை தப்பிப்பது இப்படித்தான். ஆனால் விலக்கில் 'கேம்பிங்' என்ற சொல் இல்லை.

டெல்லியில் கணக்கு வேற. 1980-ல் வந்த அறிவிக்கைப்படி, பட்டன், ஸ்பிரிங் மாதிரி இயந்திர அமைப்பால் திறக்கும் கத்தியின் பிளேடு 7.62 செ.மீ. நீளமும் 1.72 செ.மீ. அகலமும் இருந்தாலே கட்டுப்பாடு உண்டு. அதாவது வெறும் 3 அங்குலம்!

2024 டிசம்பரில் இப்படியொரு பட்டன் கத்தி வழக்கை உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. கத்தியை விற்பனை போன்ற நோக்கத்துக்காக வைத்திருந்ததாகக் குற்றப்பத்திரிகை சொல்லவில்லை என்பதே காரணம். நல்ல தீர்ப்புதான். ஆனா கையில் ஒரு கத்தி வைத்திருந்தவர் அதுக்கு உச்ச நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது.

சரி, எதை வாங்கலாம்? நான் முதலில் வாங்கியது பெரிய, கனமான கத்தி. போட்டோவுக்கு அழகு, வெங்காயம் நறுக்க, கயிறு அறுக்கப் படு இம்சை. மலையில் வேலையே பெரும்பாலும் அவ்வளவுதான். அடுத்தது கார்பன் ஸ்டீல். சீக்கிரம் தீட்டலாம், கூர்மையும் நிற்கும். ஆனால் குரோமியம் குறைவு என்பதால் ஈரம் பட்டால் துரு பிடிக்கும். மழையில் நனைந்த தோல் உறைக்குள்ளேயே விட்டுவிட்டேன். ஒரே வாரத்தில் பிளேடு முழுக்க பழுப்புப் புள்ளிகள்.

தீட்டாத கத்திதான் கையை வெட்டும். வெட்டுப்படவில்லையே என்று கூடுதலாக அழுத்துவோம், அது வழுக்கும். ஒரு பக்கத்துக்கு சுமார் 20 டிகிரி சாய்வில் கல்லில் தீட்டினால் போதும்.

இப்போ கொண்டுபோவது மடங்காத, பிளேடு உலோகம் கைப்பிடியின் கடைசி வரை ஓடும் 3.5 அங்குல ஸ்டெயின்லெஸ் கத்தி. விமானத்தில் கேபின் பையில் கத்தி கூடாது என்பதால், உறையோடு செக்-இன் பையில்.