உங்களுக்குத் தெரியுமா? வானம் சொன்னதும் தரை சொன்னதும்

ஒரு தீவுக்கே செயற்கைக்கோளின் பெயரை வைத்திருக்கிறார்கள். 1972 ஜூலையில் அமெரிக்கா ஏவிய லேண்ட்சாட்-1 எடுத்த படம் ஒன்றில், கனடாவின் லாப்ரடார் கரைக்கு அப்பால் கடல் வரைபடத்தில் இல்லாத ஒரு புள்ளி தெரிந்தது. பாறையா, மிதக்கும் பனிக்கட்டியா? படத்தைப் பார்த்து அடித்துச் சொல்ல வழியில்லை. 1976-ல் கனடா கடலளவைத் துறையின் ஃபிராங்க் ஹால், ஹெலிகாப்டரிலிருந்து இடுப்பில் வார்ப்பட்டை கட்டிக்கொண்டு இறங்கினார். கீழே பனியின் நிறத்தோடு நிறமாகக் கிடந்த பனிக்கரடி ஒன்று அவரை நோக்கி முன்னங்காலை வீசியது! அவசரமாக மேலே இழுத்துக்கொண்டார்கள். தீவு இருப்பது மட்டும் உறுதியாகிவிட்டது. அளவு 25 மீட்டருக்கு 45 மீட்டர். லேண்ட்சாட்-1 படத்தின் ஒரு புள்ளியே தரையில் ஏறக்குறைய 80 மீட்டர் என்பதால், தீவு முழுவதும் ஒரே புள்ளிக்குள் அடங்கிவிடும். அதன் பெயர் இன்றும் லேண்ட்சாட் தீவுதான்.

இப்படி நேரில் போய்ப் பார்ப்பதற்குத் தொலையுணர்வுத் துறையில் ‘கிரவுண்ட் ட்ரூத்’ என்று பெயர். தமிழில் களச் சரிபார்ப்பு எனலாம்.

*

ஓசோன் படலத்தில் விழுந்த ஓட்டையை உலகுக்கு முதலில் அறிவித்தவர்கள் தரையில் நின்று அளந்தவர்கள். அண்டார்டிகாவின் ஹாலி நிலையத்தில் ஓசோனை அளக்கும் டாப்சன் கருவியால் பல்லாண்டுகளாக எடுத்த கணக்கை வைத்து ஃபார்மன், கார்டினர், ஷாங்க்லின் என்ற மூன்று பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் 1985 மே மாதம் ‘நேச்சர்’ இதழில் எழுதினார்கள். அதே வானத்தை நாசாவின் நிம்பஸ்-7 செயற்கைக்கோள் 1978 முதலே பார்த்துக்கொண்டிருந்தது. அது கண்ட குறைவான அளவுகளைக் கணினி தூக்கியெறிந்துவிட்டது என்று பலரும் எழுதுகிறார்கள், அது சரியல்ல. 180 டாப்சன் அலகுக்குக் கீழே போனவற்றைச் ‘சந்தேகம்’ என்று குறித்துத்தான் வைத்தது. நாசாவினர் ஒப்பிட்டுப் பார்க்கத் தென்துருவ நிலையத்தின் தரைக் கணக்கை எடுத்தார்கள். அதில் 300 என்று இருந்தது! அந்தத் தரைக் கருவியைத் தவறான அலைநீளத்தில் வைத்து இயக்கியிருந்தது பிறகுதான் தெரியவந்தது. தரையில் இருக்கும் கருவியையும் யாராவது சரிபார்த்தாக வேண்டும். இந்தத் துறையில் எனக்கு மிகப் பெரிய பாடமாகத் தோன்றுவது இதுதான்.

*

உலகிலேயே வெப்பமான இடம் எது? 1913-ல் 56.7 டிகிரி செல்சியஸ் பதிவான அமெரிக்காவின் டெத் வேலி என்பது ஒரு பதில். 2005-ல் செயற்கைக்கோள் 70.7 டிகிரி கண்ட ஈரானின் லூத் பாலைவனம் என்பது இன்னொன்று. முன்னது நிழலில் வைத்த வெப்பமானி அளந்த காற்றின் சூடு. பின்னது வெயிலில் காயும் மண்ணின் மேல்தோல் சூடு. சித்திரை உச்சி வெயிலில் தார்ச் சாலையில் வெறுங்காலை வைத்தவருக்கு வேறுபாட்டை விளக்க வேண்டியதில்லை. இரண்டையும் ஒரே தராசில் வைக்கக் கூடாது.

*

உலகெங்கும் உள்ள மழைமானிகளின் வாய்களை எல்லாம் பக்கத்தில் பக்கத்தில் அடுக்கினாலும் அரைக் கால்பந்து மைதானம் நிரம்பாது. 2017-ல் வெளியான ஓர் ஆய்வின் கணக்கு இது. செயற்கைக்கோள் சொல்லும் மழையளவை உரசிப் பார்க்க நம்மிடம் இருக்கும் உரைகல் இவ்வளவுதான்.

*

கடலின் நிறத்தைப் பார்த்துப் பாசியின் அளவைச் சொல்லும் செயற்கைக்கோளை எட்டும் ஒளியில் பெரும்பங்கு காற்றுமண்டலம் சிதறடித்தது. கடல்நீரிலிருந்து வருவது பத்தில் ஒரு பங்கு அளவே. அதனால்தான் தெளிந்த நீரில் மிதவை விட்டு ஒளியை அங்கேயே அளக்கிறார்கள். ஹவாய்த் தீவுகளில் 1997 முதல் இதற்கென ஒரு மிதவை இருக்கிறது. 2009-ல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பிய ஓஷன்சாட்-2-க்காக நம் விஞ்ஞானிகள் தேர்ந்த இடம் லட்சத்தீவின் கவரத்தி.

*

சம்பா பருவத்தில் டெல்டாவை மேகம் மூடிவிடும். சாதாரணப் படம் உதவாது. மேகத்தை ஊடுருவும் ரேடார் செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு நெல் நட்ட பரப்பை வரைந்து காட்டுகிறது தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம். ஆனாலும் பயிர்க் காப்பீட்டில் வயலில் இறங்கிச் செய்யும் அறுவடைச் சோதனைக்கு இன்றும் பெரும் மதிப்பு உண்டு. வயலில் ஓர் இடத்தைக் குலுக்கல் முறையில் தேர்ந்து, 5 மீட்டருக்கு 5 மீட்டர் அளந்து, நான்கு மூலையிலும் குச்சி நட்டுக் கயிறு கட்டுவார்கள். கயிற்றுக்குள் நிற்கும் கதிரை மட்டும் அறுத்து, அடித்து, தூற்றி, எடை போடுவார்கள். அப்படிச் சில வயல்களில் கிடைக்கும் எடைதான் ஊர் முழுவதற்கும் மகசூல் கணக்காகிறது; இழப்பீடும் அதைப் பொறுத்தே வருகிறது.

உங்கள் ஊரில் அந்தச் சோதனை என்றைக்கு என்று வேளாண் அலுவலரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். கயிறு கட்டும்போதும் தராசில் நெல் ஏறும்போதும் பக்கத்தில் நில்லுங்கள்.