டிரெய்லரைப் பின்னோக்கி எடுக்கும்போது

நம் மண்டிகளுக்கும் கிட்டங்கிகளுக்கும் வரும் நெல், நிலக்கடலை, வெங்காயம், வெல்லம் போன்ற சரக்குகளில் ஒரு பகுதி இன்றும் டிராக்டர் டிரெய்லரில்தான் வந்து இறங்குகிறது. சாலையில் ஒழுங்காக வந்த வண்டி நம் வாசலில்தான் தகராறு செய்கிறது. டிரெய்லர் கோணிக்கொள்ள, தெரு அடைபட, ஆளுக்கொரு பக்கம் குரல் கொடுப்பது நாம் அடிக்கடி காணும் காட்சி.

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் கிட்டங்கி வாசலில் டிரெய்லரின் பின்மூலை தூணில் மோதியது. இடையில் நின்றிருந்த சுமைப்பணியாளர் அந்த நொடியில் விலகியதால் உயிர் தப்பினார். தூணை மறுபடி கட்டிவிட்டோம். அவருக்கு ஏதேனும் நேர்ந்திருந்தால் அந்தக் குடும்பத்துக்கு என்ன பதில் சொல்லியிருப்போம்? ஆகவே, ஓட்டுவது டிரைவர் என்றாலும், இதன் விவரத்தைக் கடைக்காரரும் தெரிந்துகொள்வது அவசியம்.

கோணல் ஏன் வளர்கிறது?

முன்னோக்கிச் செல்லும்போது டிராக்டர் டிரெய்லரை இழுக்கிறது. டிரெய்லர் சற்று விலகினாலும் இழுவையே அதை நேராக்கிவிடும். பின்னோக்கி எடுக்கும்போதோ டிராக்டர் அதைத் தள்ளுகிறது. அப்போது சிறு கோணலும் வட்டிக்கு வட்டி போல வளரும். கவனிக்காவிட்டால் டிரெய்லரின் மூலை டிராக்டரின் பெரிய டயரில் இடிக்கும். கொக்கியும் இழுவைக் கட்டையும் வளையும்.

ஸ்டீயரிங்கைத் திருப்பும் முறை

இரு சக்கர டிரெய்லரின் பின்பக்கம் இடப்புறம் போக வேண்டுமானால், ஸ்டீயரிங்கை முதலில் வலப்புறம் திருப்ப வேண்டும். டிரெய்லர் திரும்பத் தொடங்கியதும் ஸ்டீயரிங்கை இடப்புறம் கொண்டுவந்து அதைத் தொடர வேண்டும். ஸ்டீயரிங்கின் அடிப்பாகத்தில் கையை வைத்துக்கொண்டால் குழப்பம் இல்லை. கை போகும் பக்கமே டிரெய்லரின் பின்பக்கமும் போகும். நீளம் குறைந்த டிரெய்லர் சட்டென்று திரும்பும் என்பதால், அதற்கு மிகுந்த நிதானம் தேவை.

முன்னச்சு திரும்பும் நான்கு சக்கர டிரெய்லரில் கொக்கியில் ஒன்று, முன்னச்சில் ஒன்று என இரண்டு இடங்களில் திருப்பம் உண்டு. தேர்ந்த டிரைவருக்கும் இது கடினம். அதைத் தெருவோரம் நேராக நிறுத்தி, பக்கப் பலகையைத் திறந்து சரக்கை இறக்குவதே நலம்.

ஓரிடத்தில் உதவி, மற்றோரிடத்தில் இடையூறு

அமெரிக்காவில் வீடு போன்ற டிரெய்லரைக் காரில் கட்டிச் சுற்றுலா செல்வோர், வேகத்தில் அது வாலாட்டாமல் இருக்க, உராய்வினால் பிடித்து நிறுத்தும் தடுப்புத் தண்டு ஒன்றைப் பொருத்துவதுண்டு. பின்னோக்கி எடுக்கும் முன் அதைக் கழற்றிவிட வேண்டும். இல்லையேல் பெரிய கோணத்தில் திரும்பும்போது தண்டு வளையும், அல்லது முறியும்.

நம் டிராக்டரிலும் இப்படி ஒன்று உண்டு. இடது, வலது பின்சக்கரங்களுக்குத் தனித்தனி பிரேக் மிதிகள் இருப்பது வயலில் குறுகலாகத் திரும்புவதற்காக. சாலையிலும் கிட்டங்கி வாசலிலும் இரண்டையும் கொண்டியால் இணைத்திருக்க வேண்டும். ஒன்றை மட்டும் மிதித்தால் வண்டி ஒரு பக்கமாக இழுத்துக்கொள்ளும்.

கடைக்காரர் கவனத்திற்கு

1. சைகை காட்டுபவர் ஒருவராக மட்டுமே இருக்க வேண்டும். அவர் டிரைவரின் கண்ணில் படும்படி பக்கவாட்டில் நிற்க வேண்டும். அவர் கண்ணிலிருந்து மறைந்தால் டிரைவர் உடனே வண்டியை நிறுத்த வேண்டும்.

2. டிரெய்லருக்குப் பின்னாலோ, டிராக்டருக்கும் டிரெய்லருக்கும் இடையிலோ யாரும் நிற்கக் கூடாது. இழுவைக் கட்டையில் நிற்பவரை முதலில் இறக்கிவிடுங்கள்.

3. கோணல் அதிகமானால் மேலும் தள்ள வேண்டாம். முன்னே எடுத்து, நேராக்கி, மறுபடி முயல்க.

4. நின்றதும் சக்கரங்களுக்குக் கட்டை கொடுங்கள். பல டிரெய்லர்களுக்குத் தனி பிரேக் கிடையாது.

5. இரு சக்கர டிரெய்லரில் பின்பக்க மூட்டைகளை முதலில் இறக்குங்கள். முன்பக்கம் முதலில் காலியானால் இழுவைக் கட்டை மேலே தூக்கும். சரக்கு இருக்கும்போது கொக்கிப் பின்னைக் கழற்றவே கூடாது.

இவற்றுக்கெல்லாம் செலவு ஏதுமில்லை. டிரைவரை அவசரப்படுத்தாமல் சில நிமிடம் பொறுத்திருந்தால் போதும். சரக்கும் சேதமின்றி இறங்கும்; இறக்க வந்தவரும் நலமாக வீடு திரும்புவார்.